இடது பக்கத்து இரண்டு போல்ட்

என் மனைவி அந்தக் காரை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "எங்கண்ணன எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ, அப்படியே முழுசா கொண்டாந்து சேர்க்கணும். அவ்வளவுதான்." காரைப் பற்றி அவளுக்கு வேறு கவலை இல்லை. நான் சரி என்றேன். இருபத்திரண்டு வருட இல்லறத்தில் நான் சரி என்று சொன்னவற்றிலேயே இதுதான் சுலபமானதாகத் தெரிந்தது.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், இழுவை லோரி ஓட்டுகிறவர். நெடுஞ்சாலையில் நொறுங்கிப்போன கார்களை ஏற்றிக்கொண்டு வந்து ஈப்போ நகரத்துப் பட்டறைகளில் இறக்குவது அவர் வேலை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பதினேழு வயது, தங்கைக்கு ஒன்பது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்து லோரியில் ஏறியவர் இன்னும் இறங்கவில்லை. தங்கை படித்து, ஆசிரியையாகி, இன்று ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவர் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பார்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, பந்தயத் தடத்தில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். "இத்தன வருசமா மத்தவன் ஒடச்ச காரத்தான் ஏத்திட்டு வாரேன் மாப்ள. ஒருதடவ நானும் ஓட்டிப் பாக்கணும்லா," என்றார். ஓட்டவா, உடைக்கவா என்று நான் கேட்கவில்லை. அவர் எதையும் எளிதில் கேட்கிற மனிதர் இல்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

கார் ஆயர் தாவார் என்ற ஊரில் கிடைத்தது. நான்கு கதவு, டர்போ இருந்ததற்கான அடையாளம் மட்டும் உள்ள ஜப்பான் கார். ஒரு வீட்டின் பின்னால், செம்பனை மரத்தடியில், நான்கு டயரிலும் காற்றில்லாமல் நின்றது. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, "உள்ள ரொம்ப சுத்தம், யாரும் உக்காந்ததே இல்ல," என்றார். கோழி எங்களைப் பார்த்த பார்வையில் அந்தக் கருத்தோடு அது உடன்படவில்லை என்று தெரிந்தது.

எலி கடித்த ஒயர், துருப்பிடித்த பிரேக், மூச்சே விடாத எஞ்சின். இதற்கெல்லாம் எங்கள் ஊரில் ஒரே மருந்து ஹாஃப்-கட்தான். ஜப்பானில் கழித்துப்போட்ட கார்களைக் குறுக்கே இரண்டாக அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். எஞ்சின், கியர், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் அந்தப் பாதியிலேயே இருக்கும். ஓட்டுநர் மட்டும் இருக்கமாட்டார். அவரவர் காருக்குப் பொருந்துவதைக் கழற்றிக்கொண்டு வரவேண்டியதுதான்.

பீடோர் பக்கத்தில் ஒரு ஹாஃப்-கட் கிடங்கு இருப்பதை மச்சான் கண்டுபிடித்தார். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்திய தோட்டத்துக் கட்டடம் அது. சுற்றிலும் இப்போது செம்பனை. ஷீட்டுகள் தொங்கிய கம்பிகளில் ரேடியேட்டர்கள் தொங்கின. எல்லாப் பாகத்திலும் லேசாகப் புகைவாடை வீசியது. கிடங்கு முதலாளியை எல்லோரும் தவுக்கே என்பார்கள்; சீனரான அவர் அந்தத் தோட்டத்து மளிகைக்கடைக்காரரின் மகன். அதனால் என்னைவிட நல்ல தோட்டத்துத் தமிழ் பேசினார்.

"இந்த பாதி ரொம்ப நல்ல பாதி தம்பி. ஆக்சிடன் இல்ல, தண்ணி உள்ள போகல," என்றார் தவுக்கே.

"அறுத்துட்டாங்களே, அது ஆக்சிடன் இல்லையா?" என்று மச்சான் கேட்டார்.

"அது தொழில்லா," என்றார் அவர்.

அதிலிருந்து எஞ்சினையும் முன்சக்கரங்களுக்கான பெரிய பிரேக் கேலிப்பர்கள் இரண்டையும் எடுத்தோம். சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்விப் பிடித்துக் காரை நிறுத்துவது இந்தக் கேலிப்பர்தான். அந்தப் பாதியின் கண்ணாடியில் சிறிய துணிப்பை ஒன்று தொங்கியது. ஜப்பானியக் கோயிலில் பயணப் பாதுகாப்புக்காகக் கொடுப்பது என்று தவுக்கே சொன்னார். அதையும் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைச் சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்து, மறுநாளிலிருந்து அதற்கும் ஒரு பூ வைத்தாள். "யார் சாமியா இருந்தா என்ன, கார் விசயம் தெரிஞ்ச சாமி," என்றாள்.

பத்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் கூடத்தில் கழிந்தன. நான் கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த போல்ட்டையும், இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கியதும், அதன் தலையில் சிவப்பு மை வைப்போம். சிவப்பு இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். அதன்பிறகு யாரும் அதைத் தொடக்கூடாது. அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். மை தீர்ந்ததும் மச்சான் தங்கையின் நகச்சாயத்தை எடுத்துவந்தார். பழைய நகச்சாயம், பளபளப்பெல்லாம் போய்ச் செங்கல் நிறமாகியிருந்தது. மையைவிட நன்றாகவே பிடித்தது. நகச்சாயம் எங்கே என்று அவள் கேட்டபோது இருவரும் தெரியாது என்றோம். இப்போது நினைத்தால், அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

பந்தயத் தடத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, கார் தாங்கிகளின்மேல் நின்றது. சக்கரங்களைக் கழற்றியிருந்தோம். வலது கேலிப்பரை மாட்டி, அதன் பின்பக்கத்து இரண்டு போல்ட்டையும் இறுக்கி, சிவப்பு வைத்தாயிற்று. இடது கேலிப்பரின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி மாட்டிய நேரத்தில், பிரேக் குழாய்க்குப் போடும் செம்பு வாஷர் ஒன்று குறைவது தெரிந்தது. கடையை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

இருவரும் கடைக்குக் கிளம்பும்போது மனைவி கேட்டாள். "நாளைக்கு விடியக்கால பூச போட நேரமிருக்காது. நான் இப்பவே பூச போட்டுறேன். இதுல எது வண்டிய நிப்பாட்டுறது?"

கேலிப்பரைக் காட்டினேன்.

"அது கழண்டு விழாம எது புடிச்சிருக்கு?"

பின்னாலிருக்கிற இரண்டு போல்ட்டைக் காட்டினேன். கணக்கு டீச்சர் அப்படித்தான் கேட்பாள். அவள் இடத்தில் வேறு யாராவது இருந்தால் ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்துவிட்டு நிறுத்தியிருப்பார்கள்.

திரும்பி வந்தபோது காருக்குக் கதம்ப மாலை போட்டிருந்தது. பானெட்டில் சந்தனம், குங்குமம், விபூதிப் பட்டை. மச்சான் வாஷரைப் போட்டுக் குழாயை மாட்டினார். நான் உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து, பெடலை மிதித்துப் பிரேக்கிலிருந்த காற்றை எடுத்துக் கொடுத்தேன். பிறகு டார்க் ஸ்பேனரோடு இடது பக்கம் குனிந்தேன். இரண்டு போல்ட்டின் தலையிலும் சிவப்பு இருந்தது. நான் தேநீர் குடித்த நேரத்தில் மச்சான் இறுக்கிவிட்டார் என்று எண்ணி ஸ்பேனரைப் பெட்டியில் போட்டேன். அவரோ வந்தவுடனே அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போகுமுன் நானே முடித்துவிட்டதாக எண்ணியிருக்கிறார். சிவப்பு இருந்தால் தொடக்கூடாது. சட்டம் போட்டவன் நான்.

சக்கரங்களை மாட்டி, நான்கு டயரடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, காரை லோரியில் ஏற்றினோம். ஞாயிறு விடியலில் மூவரும் லோரியின் முன்பக்கம் நெருக்கி உட்கார்ந்து தெற்கே கிளம்பினோம். மனைவி மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள், காலடியில் பூசைக்கூடை. தாப்பா ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இருபது நிமிடம் சாலையே தெரியவில்லை. திறந்த லோரியின் மேல் கார் நன்றாகக் குளித்தது.

தடத்தில் அதிகாரி ஒருவர் ஹெல்மெட் இருக்கிறதா, பேட்டரி கட்டியிருக்கிறதா, இழுப்பதற்குக் கொக்கி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மச்சான் ஹெல்மெட்டை மாட்டி வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஆறு கார்கள். முதல் வளைவுக்கு முன்னால் நீண்ட நேர்வழி. அதன் முடிவில் முழு பலத்தோடு பிரேக்கை மிதிக்க வேண்டும். அதைத்தான் மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையில் ஸ்பூனைக் காராக வைத்துப் பயின்றுகொண்டிருந்தார்.

மனைவி வேகமாக வந்தாள். கையில் குங்குமச் சிமிழ்.

"வண்டிய கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. பொட்டு அழிஞ்சு போச்சு."

"எந்தப் பொட்டு?"

"லோரித் தட்டுல செவப்பா ஒழுகியிருக்கு. வந்து காருக்கடியில குனிஞ்சு பாத்தேன். அழிஞ்ச பொட்டோட போகக்கூடாது, அபசகுனம்."

எனக்குக் கோபம் வந்தது. பின்னால் பத்துக் கார்கள் உறுமிக்கொண்டிருந்தன, கொடியோடு நின்ற ஆள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய இடத்தில் என் மனைவி சிமிழோடு காருக்கு அடியில் புகப் பார்க்கிறாள். "பேசாம போய் உக்காரு. எல்லாரும் பாக்குறாங்க," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவளுக்கு நான் சொல்வதைக் கேட்கும் பழக்கம் கிடையாது. அதை அவளுடைய அண்ணனிடமே பலமுறை புகாராகச் சொல்லியிருக்கிறேன். சாலட்டில் உப்பு வேண்டாம் என்பதிலிருந்து மாடியறைக்குப் பச்சை பெயிண்ட் வேண்டாம் என்பதுவரை ஒன்றும் எடுபட்டதில்லை. அன்றும் அவள் நகரவில்லை.

"பானெட்டுல அழிஞ்சத வச்சிட்டேன். இன்னும் ரெண்டே ரெண்டு பொட்டுதான். வலது பக்கம் நீங்க வச்சது அப்படியே இருக்கு. எடது பக்கம் நான் வச்சதுதான் போயிருச்சு."

"நாங்க எங்க பொட்டு வச்சோம்?"

"அந்த ரெண்டு போல்ட்டுலயும் வச்சிருந்தீங்கல்ல. ஒரு பக்கம் வச்சிட்டு ஒரு பக்கம் மறந்துட்டீங்கன்னு நான் வச்சேன். எண்ணெப் பிசுக்குல சந்தனம் ஒட்டல. அதான் குங்குமம் மட்டும்."

அவள் சொல்லி முடித்தபோது முன்னால் மூன்று கார்கள்தான் இருந்தன. நான் ஓடியது எனக்கு நினைவில்லை. பானெட்டை இரண்டு கையாலும் அடித்தது நினைவிருக்கிறது. மச்சான் கண்ணாடியை இறக்கினார். "எடது கேலிப்பர நீங்க இறுக்குனீங்களா?" என்று கேட்டேன். அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "நீங்கதான மாப்ள செவப்பு வச்சீங்க," என்றார்.

காரை வரிசையிலிருந்து ஓரமாகத் தள்ளி, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினேன். பாட்டில் மூடி திறப்பதுபோலச் சுழன்றது. நேர்வழி முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்திருந்தால் அந்தக் கேலிப்பர் கழன்று போய்ச் சக்கரத்துக்குள் சிக்கியிருக்கும். முகத்தை மறைக்க ஸ்பேனரைத் தேடுவதுபோல் பெட்டியைக் குடைந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது.

மனைவி பக்கத்திலேயே நின்றாள். யாரும் அவளுக்கு விளக்கவில்லை. அவள் இடது போல்ட்டைப் பார்த்தாள், வலது பக்கம் நடந்துபோய்க் குனிந்து, அந்தச் சிவப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, "இது என் நகச்சாயம்," என்றாள்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம் பாப்பா."

அவள் கண் நிறைந்திருந்தது. பிறகு என்னிடம் கையை நீட்டினாள். "அந்த ஸ்பேனரக் குடுங்க."

எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் கேட்கும் என்றேன். தரையில் மண்டியிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழு பலத்தோடு இழுத்தாள். முதல் போல்ட் கிளிக். இரண்டாவது கிளிக். மறுபடியும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். மச்சான் பெட்டியிலிருந்து நகச்சாயத்தை எடுத்து மரியாதையாக நீட்டினார். அவள் இரண்டு தலையிலும் சிவப்பு வைத்து, காயும்வரை ஊதினாள். அதன்மேல் கொஞ்சம் குங்குமமும் வைத்தாள்.

மச்சான் எட்டுச் சுற்று ஓட்டினார். எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள், ஒரு பழைய குட்டிக் கன்சில் கார்கூடத் தாண்டியது. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கலாம், ஒன்பது வயதுக்கு முன்னால்.

ஈப்போ திரும்பும்வரை எனக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஒரே ஒருமுறை, என் பேச்சைக் கேட்டு அவள் போய் உட்கார்ந்திருந்தால்.

வீட்டு வாசலில் மச்சான் லோரியை நிறுத்தினார். அவள் இறங்கிக் கேட்டைத் திறந்துகொண்டே, "சாப்புட்டுட்டுப் போ அண்ணே," என்றாள். அவர் கால் அலம்பப் பின்னால் போனார். நான் பூசைக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு எதிரில் நின்றேன். கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். "முழுசா கொண்டாந்து சேர்த்தாச்சு," என்றாள். "போய்க் கை கழுவுங்க."