மூக்கு சாய்ந்து நின்ற ஜீப்பு

எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று உருவிப் பார்க்கிற எண்ணெய்க் கம்பி என்றால் எனக்கு முதலில் ஒரு முகந்தான் ஞாபகம் வரும். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த எங்கள் முதலாளியின் முகம். ஜீப்பு மலையிறங்கி போடியில் அவர் வீட்டு முற்றத்தில் நின்றதும், எஞ்சினை ஆறவிடச் சொல்வார். பிறகு கம்பியை உருவித் துடைப்பார், மறுபடி உள்ளே விட்டு எடுப்பார், நுனியைப் பார்ப்பார், அடுத்து என்னைப் பார்ப்பார். ராசிங்காபுரத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன்தான் நான். ஆனாலும் அந்த ஐம்பதுகளில், ஏலக்காய் லோடோடு அந்த வளைவுகளில் என்னைப்போல் இறங்க இன்னொருவன் கிடையாது. அப்பேர்ப்பட்டவனை அவர் எண்ணெய்த் திருடன் என்று நினைத்தார்.

"மேல பாத்தேன் மொதலாளி, நெறைஞ்சுதான் இருந்துச்சு."

"மேல நெறைஞ்சிருக்கும், கீழ வந்தா வத்திருக்கும். நடுவுல எந்த டீக்கடைக்காரனுக்குடா வடை சுட ஊத்துன?"

வண்டியை ஓட்டச் சொன்னவர், நான் வேறெங்கும் வேலைக்குப் போய்விடாதபடி என் லைசென்சை மட்டும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் வாயிலிருந்து திருடன் என்ற சொல் வெளியே போனால் போடியில் எவனும் என்னிடம் வண்டி தரமாட்டான். அந்தப் பயத்தில் நானும் கண்டவனையெல்லாம் சந்தேகப்பட ஆரம்பித்தேன். மூட்டைமேல் தூங்கிவந்த லோடுமேனின் காலடியைக்கூடத் துழாவிப் பார்த்தேன்.

ஒருநாள் முதலாளியே என்னோடு மேலே வந்து தங்கினார். தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். குளிரில் பேட்டரியை நம்ப முடியாது. அதனால் வண்டியைப் பள்ளத்தைப் பார்க்க மூக்குச் சாய்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிடுவோம். காலையில் கல்லை எடுத்தால் தானே உருண்டு கிளம்பிவிடும். எண்ணெய் பார்ப்பதும் அந்த நிலையில்தான். மறுநாள் காலை அவரே கம்பியை உருவினார். நிறைந்திருந்தது. வழியெல்லாம் என் கையையும் காலையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீ குடிக்கக்கூட நிறுத்த விடவில்லை. முற்றத்துக்கு வந்து ஆறவிட்டுப் பார்த்தால், கம்பியின் அடிக்கோட்டுக்கும் கீழே கிடந்தது எண்ணெய்.

"நீங்க பக்கத்துலயேதான வந்தீக மொதலாளி!"

அவர் கம்பியையும் ஜீப்பையும் மாறிமாறிப் பார்த்தார். இப்போது அவருடைய சந்தேகம் என்னை விட்டு வண்டிக்குத் தாவியிருந்தது.

"மேல எப்படிடா நின்னுச்சு இது? அதேமாதிரி வாய்க்கா சரிவுல நிப்பாட்டு, வெரசா."

நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்து உருவினார். நிறைந்திருந்தது. எங்கள் ஜீப்பில் கம்பி முன்பக்கம். மூக்குச் சாய்ந்தால் எண்ணெய் முழுதும் முன்னால் ஓடிவந்து, குறைந்ததை நிறைந்ததாகக் காட்டியிருக்கிறது. பழைய எஞ்சின் கொஞ்சங்கொஞ்சமாக எண்ணெயைப் புகையாக்கிக்கொண்டிருக்க, எடுத்தவனே ஊற்றட்டும் என்று அவரும், மேலே நிறைந்திருக்கிறதே என்று நானும் ஊற்றாமலே ஓட்டியிருக்கிறோம்.

உள்ளே போய் லைசென்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நீ திருடலப்பா. ஆனா இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா எஞ்சினைக் கொன்னுருப்ப" என்றார். வேறு முதலாளி என்றால் ஆள் போட்டு அடித்துத் துரத்தியிருப்பான். இவருடைய சந்தேகம் கடைசிவரை போய்ப் பார்க்கிற சந்தேகம். அதனால்தான் நான் பிழைத்தேன்.

இன்று என் பேர் எழுதிய வண்டிகள் அதே மெட்டில் ஏறி இறங்குகின்றன. எல்லாம் என் கையால் சம்பாதித்தது. தோட்டத்திலிருந்து டிரைவர் போன் பண்ணி, "ஆயில் ஃபுல்லா இருக்குண்ணே" என்பான். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"வண்டி எப்படிடா நிக்குது?"