ஏழில் நின்ற குரு

ருக்மணியின் புருஷன் பொன்னுதுரை, நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த வருஷம் பந்தல் கட்டும்போது மேலிருந்து விழுந்து இறந்தார். அந்த வாரம் அவருக்கு ஆகாது என்று ஜோசியர் முன்பே சொல்லியிருந்தார். அதைக் கேட்காமல் விட்டோமே என்ற எண்ணம் அவள் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. பிறகு பஞ்சாங்கம் பாராமல் அவள் ஒரு காரியமும் செய்ததில்லை.

காஜா பேராங் பகுதியில் வாடகை வீடு. ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போட்டே மகள் விஜயாவை ஆளாக்கினாள். வந்த வரன்களையெல்லாம், "இன்னும் ஏழாமிடத்துக் குரு பலன் வரலை" என்று அவளே திருப்பி அனுப்பினாள். விஜயாவுக்கு முப்பது வயதானது.

1973இல் மகளின் கடக ராசிக்கு ஏழில் வந்து நின்றார் குரு. நேர்ப் பார்வை. தெங்கேராவில் இருக்கும் சாரதாம்பாள் தன் மகன் கணேசமூர்த்திக்குப் பெண் கேட்டு வந்தாள். டிசம்பர் இரண்டாம் தேதி முகூர்த்தம். தை கழிவதற்குள் குரு எட்டாம் இடத்துக்குப் போய்விடுவார். அப்புறம் ஒரு வருஷம் பேச்சே இல்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, பக்கத்து வீட்டு ரேடியோ ரிப்பேர்க்காரர் தியாகு செய்திப் பத்திரிகையோடு வந்தார்.

"அக்கா, உங்க குருவைப் பார்க்க அமெரிக்காக்காரன் எந்திரம் அனுப்பியிருக்கான். ஆள் இல்லை, வெறும் எந்திரம். கல்யாணம் முடிஞ்ச ரெண்டாம் நாள் வியாழன்கிட்ட போகுதாம். அதுக்கும் அழைப்பு வச்சிட்டீங்களா?"

ருக்மணி சிரிக்கவில்லை. "போய் என்ன செய்யும்?"

"படம் பிடிக்கும், பிழைச்சிருந்தா. கிட்டப் போகப் போக ஏதோ கொடிய கதிர் அடிக்குதாம். எந்திரம் கெட்டுப்போயிடுமோன்னு அனுப்பினவனே பயப்படுறான்."

இந்தப் பார்வைக்குத்தானே இத்தனை வருஷம் தவம் கிடந்தாள்? இரும்பையே பொசுக்குகிற பார்வையா மகள் கழுத்தில் தாலி ஏறும்போது விழப்போகிறது? பந்தலடியில் விழுந்து கிடந்த புருஷனின் முகம் கண்முன் வந்து நின்றது.

மகளிடம் சொல்லாமல் தெங்கேராவுக்கு பஸ் ஏறினாள்.

"தையில வச்சுக்குவோம் சம்பந்தி. அந்த எந்திரம் தாண்டிப் போகட்டும்."

சாரதாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்களைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க. எந்திரத்து மேல ஏன் பழியைப் போடுறீங்க?"

"ஐயோ, அப்படி இல்லை."

"சரி. உங்க இஷ்டம்."

அந்தச் 'சரி'யின் குளிர் ருக்மணிக்கு உறைக்கவில்லை.

விஷயம் தெரிந்த விஜயா அழவில்லை. "உங்களுக்கு எதுமேலம்மா பயம்? குரு மேலயா, நான் உங்களை விட்டுப் போயிடுவேன்னா?" என்றாள்.

முகூர்த்த நாளன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை தியாகு வேலி மேல் எட்டிப் பார்த்தார். "எந்திரம் பிழைச்சிடுச்சுக்கா. படமும் அனுப்புதாம்."

போன உயிர் திரும்பியது அவளுக்கு. தை முகூர்த்தம் பேசிவிடலாம் என்று மறுநாளே பூவும் பழமும் தட்டில் எடுத்துக்கொண்டு தெங்கேரா போனாள். சாரதாம்பாள் வீட்டு வாசலில் வாழை மரங்கள் கட்டியிருந்தன. இலைகள் வாடத் தொடங்கியிருந்தன.

"கோயிலுக்குச் சொன்னது, சமையல்காரருக்குச் சொன்னது எல்லாம் வீணாப் போகணுமா?" என்றாள் சாரதாம்பாள். "உஜோங் பாசிர்ல பொண்ணு எடுத்துட்டோம். அதே முகூர்த்தம்."

உள்ளேயிருந்து மஞ்சள் கயிறு மின்ன ஒரு சின்னப் பெண் வந்து, யாரென்று தெரியாமல் ருக்மணிக்குக் காப்பி நீட்டினாள்.

வீடு திரும்பியபோது விஜயா வாசலில் நின்றாள். முகத்தில் என்றுமில்லாத வெட்கம்.

"தையில எந்தத் தேதிம்மா?"

தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள் ருக்மணி.