சிலைக்கு எந்தத் துப்பாக்கி

விழுப்புரத்தில் பஸ் ஏறி விக்கிரவாண்டியில் இறங்கிய சக்கரபாணி, சிலைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். கம்பி கட்டி முதல் பூச்சு முடிந்திருந்த தமிழ்மணியின் கையில் ஏ.கே. ரைபிள் இருந்தது.

"யாரு துப்பாக்கிய்யா இது?"

சிற்பி இருதயராஜ் பூச்சுக் கரணையைக் கீழே வைத்தார். "மிலிட்டரி துப்பாக்கிதாங்க. போட்டோ பாத்துக்கினுதான் கம்பி கட்டுனேன்."

"மிலிட்டரிதான். ஆனா இவன் துப்பாக்கி இது இல்ல."

திண்டிவனத்தை அடுத்து, ஓமந்தூர்ப் பக்கத்துக் கிராமம் தமிழ்மணிக்கு. அவனும் சக்கரபாணியும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். சக்கரபாணி காலாட்படையில் ரைபிள்காரர். தமிழ்மணி லாரி ஓட்டுநர். தொண்ணூறுகளில் வடக்கே ஒரு மலைப்பாதையில் தீவிரவாதிகள் லாரிகளை மறித்துச் சுட்டபோது தமிழ்மணி இறந்துபோனான். இத்தனை வருடம் கழித்து ஊர் அவனுக்கு நுழைவாயிலில் சிலை வைக்கிறது. சுதந்திர தினத்தன்று திறப்பு. அதற்குள் அந்தக் கை சரியாக வேண்டும் என்பதுதான் சக்கரபாணியின் கவலை. ஒருமுறை சிமெண்டில் நின்றுவிட்டால் அதுதான் தமிழ்மணி என்று ஆகிவிடும்.

ஓட்டுநர்களுக்குக் கார்பைன்தான் கொடுப்பார்கள். பட்டாளத்தில் அப்படிப் பெயரே தவிர, கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சரசரவென்று சுட்டுத் தள்ளும் குட்டி இயந்திரத் துப்பாக்கி அது. தோளில் முட்டும் கட்டையை மடக்கினால் லாரி சீட்டுக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். அதை வைத்து அந்த நாளில் சக்கரபாணி பண்ணாத கேலி இல்லை.

"இன்னாடா, மல்லாட்டைச் செடிக்கு மருந்தடிக்கிற பம்பு மாதிரி இருக்குது?" என்பார்.

"உன் ரைபிளைத் தூக்கிக்கினு என் வண்டியில ஏறிப் பாரு. கதவுல ஒரு இடி, கண்ணாடியில ஒரு இடி. அப்புறம் பேசு," என்பான் தமிழ்மணி.

"என் குண்டு எதிர் மேட்டுல இருக்கிறவனைத் தேடிப் போவும். உன் குண்டு பாதி வழியில டீ குடிக்க உக்காந்துடும்."

தேநீர்க் குவளையைச் சுற்றி ஆவி பறக்கிற குளிரில் இந்தச் சண்டை தினமும் நடக்கும். தமிழ் பேச அங்கே வேறு ஆள் இல்லை. ரைபிள்தான் உசத்தி என்பதில் சக்கரபாணிக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அதன் தோட்டா பெரியது. வெடித்த வாயுவே உள்ளிருக்கும் தண்டைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். சேற்றில் விழுந்தாலும் சுடும். கார்பைனோ கிட்டத்தில்தான் புலி.

தமிழ்மணியின் மகன் தென்னரசு அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"மாமா, நீங்கதானே அதைப் பம்புன்னு சொல்லிக்கினு இருந்தீங்க? இப்ப அதையே எங்கப்பா கையில குடுக்கச் சொல்றீங்களே. ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

சக்கரபாணி கீழே கிடந்த குழாய்த் துண்டை எடுத்து, அதன் இடப்பக்கம் ஒரு செங்கல் சில்லைச் சேர்த்துப் பிடித்தார்.

"தோட்டாப் பெட்டி ஏ.கே.யில கீழ தொங்கும். இதுல பக்கவாட்டுல நீட்டிக்கினு இருக்கும். அன்னிக்கு உங்கப்பன் லாரிக்கு அடியில தரையோட தரையா படுத்துக்கினு சுட்டான். கீழ ஒண்ணும் இடிக்கல, தலையத் தூக்க வேண்டியதில்ல. சுட்டவனுங்களும் வளைவுல, கிட்டத்துலதான் இருந்தானுங்க. அவன் சுட்டுக்கினே இருந்ததாலதான் பின்னால இருந்த நாங்க குதிச்சி இறங்க முடிஞ்சது. அந்த இடத்துல என் ரைபிளைவிட அதுதான்டா ஒசத்தி. அவன்கிட்ட சொல்ல முடியாமப் போச்சு."

இருதயராஜ் தலையைச் சொறிந்தார். "பக்கத்துல நீட்டுனா சிமெண்டு நிக்காதுங்க. எவனாவது மாலை போடறேன்னு ஏறி ஒடிச்சிடுவான். பேஜாரு."

"பாத்தீங்களா மாமா? ரைபிளே இருக்கட்டும்," என்றான் தென்னரசு.

தென்னரசின் அம்மா தையல்நாயகி சக்கரபாணி கையிலிருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருகே வந்து செங்கல் சில்லைத் தொட்டாள்.

"அண்ணா, இது எப்பவும் இப்படித்தான் நீட்டிக்கினு இருக்குமா?"

"ஆமாம்மா. மார்ல தொங்கவிட்டா இடப்பக்கம் நீட்டும். வண்டிக் கதவுல மாட்டும்."

"அதான்!" என்றாள். "லீவுல வந்தா நேரா வூட்டுக்குள்ள நுழைய மாட்டாரு. வலது தோளை முன்னால வுட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் வருவாரு. வெறுங்கையா வரும்போதும் அப்படித்தான். எங்க மாமியார்கூட, 'இன்னாடா, மருமகளைக் கண்டு வெக்கமா'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. நானும் வெக்கம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"தென்னரசு, எனக்கு அந்த ஆளு வேணும். இந்த ரைபிள் ஆளை எனக்குத் தெரியாது," என்றாள்.

தென்னரசு சிற்பியிடம், "உள்ள இரும்புக்கம்பி விட்டு நிறுத்த முடியுமா பாருங்க," என்றான்.

"உடம்போட சேத்து வெல்டிங் வெச்சா நிக்கும்," என்று இருதயராஜ் ஒப்புக்கொண்டு, ஏ.கே.யின் கம்பியை அங்கேயே வெட்டி எடுத்தார். பென்சிலோடு சக்கரபாணியிடம் திரும்பினார். "இடது கையி எங்கீங்க வரணும்?"

"தோட்டாப் பெட்டியப் புடிக்கக் கூடாது. புடிச்சா ஆடும், தோட்டா சிக்கிக்கும். அதுக்கு முன்னால, ஓட்டை ஓட்டையா இருக்குமே குழல் மேல உறை, அதைப் புடிக்கணும். அதான் பாடம்."

"அவரு எங்க புடிப்பாரு?" என்று கேட்டாள் தையல்நாயகி.

சக்கரபாணி குழாயைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். மைதானத்தில் பயிற்சி தரும் உஸ்தாத் எத்தனை முறை கத்தினாலும், தமிழ்மணியின் இடது கை வழுக்கி வந்து அந்தப் பெட்டியில்தான் நிற்கும். பிடி போட்டது மாதிரி வசதியாக இருக்கிறதே, விடுவானா அவன்.

பாடம் தெரிந்த எவனாவது ஒரு நாள் அந்த வழியே வருவான். சிலையைப் பார்த்துத் தப்பு என்பான்.

"பெட்டியவே புடிக்கட்டும்," என்றார் சக்கரபாணி.