திருச்சுழி பங்களாவுக்கு ஆலை கேட்கப் போன வழி

சாத்தூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் ஓர் ஆலையிலிருந்து போன வாரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆபீசரை எப்படிப் போய்ப் பார்ப்பது, என்ன பேசுவது என்று கேட்டார்கள். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் எழாது. அதனால் எழுதித் தருகிறேன். இதே வேலையாகப் போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

நாங்கள் போனது இந்தப் பங்குனியில், சுதந்திரம் வந்து ஏழெட்டு மாதத்தில். பாளையம்பட்டியில் எங்கள் பருத்தி அரவை ஆலை, அதாவது கொட்டையைப் பிரித்துப் பஞ்சு எடுக்கும் இடம், பொங்கலுக்குப் பிறகு திறக்கவே இல்லை. முதலாளி நொடித்துப்போய் மதுரைக்குப் போய்விட்டார். நாற்பது பெண்களுக்கு வேலை போயிற்று. கைத்தொழில் ஆபீசர் திருச்சுழி பயணியர் பங்களாவில் தங்குகிறார் என்று கேள்விப்பட்டதும், கூட வேலை பார்த்த ஞானம்மா அக்காவும் நானும் கிளம்பினோம். அக்கா பேசுவது, நான் துணைக்கு நிற்பது என்று ஏற்பாடு.

அருப்புக்கோட்டையிலிருந்து பத்து மைல். ஆளுக்கு ஐந்தணா. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ், ஏழரைக்கு என்பார்கள். கரி மூட்டி, விசிறி சுற்றிக் கிளம்ப எட்டேகால் ஆகிவிடும். பின்னால் உட்காராதீர்கள், கண்ணெல்லாம் கரித்தூள். வழி நெடுகக் கரிசல் காடு, வெடித்த பருத்தி. நிழலுக்கு உடைமரம் தவிர ஒன்றுமில்லை. தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

முன் சீட்டில் வீரசோழன் ஊரைச் சேர்ந்த மிளகாய் வியாபாரி ஒருவர் இருந்தார். "ரெண்டு பேரும் கோயிலுக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். எங்க மில்லு மூடிப்போச்சு. சர்க்காரு தொறக்கணும்னு கேக்கப் போறோம்" என்றாள் அக்கா.

"நல்லாருக்கே! போன வருசம் எனக்கு ஒரு லோடு மிளகா மழையில நனஞ்சு போச்சு. சர்க்காரு வந்து காய வச்சுதா? லாபம்னா மொதலாளிக்கு, நட்டம்னா ஊருக்கா?"

பஸ்ஸே சிரித்தது. அக்கா விடவில்லை. "ஒங்க மிளகா போனா ஒங்களுக்கு நட்டம். மில்லு போனா நாப்பது வீட்டுல அடுப்பு எரியாது பாய்."

"அப்ப நாப்பது பேருமாச் சேந்து ஓட்டுங்க. மொதலாளி என்ன இஞ்சினுக்குள்ளயா உக்காந்திருந்தாரு?"

அதற்குள் மேடு வந்து பஸ் நின்றது. "பாய், எறங்கித் தள்ளுங்க. இதுக்குச் சர்க்காரு வராது" என்றார் கண்டக்டர். நாங்களும் இறங்கித் தள்ளினோம். பாய் கேலியாகச் சொன்னது என் மனதில் ஒட்டிக்கொண்டது. இஞ்சினைத் துடைத்ததும் பருத்தியைக் கொட்டியதும் நாங்கள்தானே?

பங்களாவில் பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். அக்கா பிள்ளைகள் பசியைச் சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டாள். "கஷ்டம் எல்லா ஊரிலும் இருக்கும்மா. மூடின ஆலைக்கெல்லாம் சர்க்கார் பணம் போட்டால், நாளைக்கு ஓடுகிறவனும் மூடிவிட்டு வருவான்" என்று சொல்லி ஆபீசர் எழுந்துவிட்டார்.

அவர் போவதற்குள் நான் வாய் திறந்துவிட்டேன். "பஞ்சம் வந்தா ரோட்டுல கல்லுடைக்க விட்டுக் கூலி குடுக்கிறீகய்யா. நாங்க அந்த நெலமைக்குப் போறதுக்கு முந்தியே ஒதவக் கூடாதா? மொதலாளி கடன அடைங்கன்னு கேக்கல. இஞ்சினுக்கு எண்ணெய் பர்மிட்டு குடுங்க. நாங்களே ஓட்டுறோம்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "மூடின ஆலைக்குப் பருத்தி யார் கொடுப்பார்கள்?"

"எங்க வீட்டுல இருக்குய்யா."

எங்கள் பக்கத்தில் பருத்தி எடுத்தால் கூலி காசாகத் தர மாட்டார்கள். எடுத்ததில் ஒரு பங்கைத் தருவார்கள். ஆலை மூடியதிலிருந்து நாங்கள் எல்லோரும் பருத்திக் காட்டு வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வீடு மூலையில் கூலிப் பருத்தி குவிந்து கிடந்தது. இதைச் சொன்னதும் அவர் யோசித்தார். முதலாளியிடம் ஆலையை வாடகைக்குப் பேசித் தருவதாகவும், ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பர்மிட் போடுவதாகவும் சொன்னார். "அந்தப் பீப்பாய் தீருவதற்குள் ஓட்டிக் காட்டுங்கள். பிறகு கடனுதவிக்கு எழுதுகிறேன்."

சொன்னபடி ஆலைச் சாவியும் எண்ணெய்ப் பீப்பாயும் வந்தும், ஊரில் பெண்களே ஒத்துக்கொள்ளவில்லை. "பருத்தியக் கொட்டின பெறகு மில்லு நின்னுட்டா? அந்த ஆபீசரு வந்தா எங்க அடுப்புல ஒல வைப்பாரு?" என்றாள் ஒருத்தி. மழைக்கு முன் விற்றுக் கூரை வேய எங்கள் வீட்டில் வைத்திருந்த பருத்தியை அம்மா சம்மதத்தோடு கொண்டுபோய் ஆலைத் தரையில் கொட்டினேன். அன்று மாலைக்குள் பதினேழு வீட்டுப் பருத்தி வந்தது. ஆலை ஓடத் தொடங்கியது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆபீசரிடம் அழாதீர்கள். உங்கள் கையில் என்ன இருக்கிறது, அவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். நட்டத்தை ஊர் தலையில் கட்டக் கூடாது என்று பாய் சொன்னது நியாயம்தான். ஆனால் எண்ணெயைச் சர்க்கார் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, நீங்களே பிழைத்துக்கொள்ளுங்கள் என்றால் எதை ஊற்றி ஓட்டுவது?

பீப்பாயில் இன்னும் நாலைந்து நாளுக்குத்தான் எண்ணெய் இருக்கிறது. கடனுதவி பற்றித் தகவல் இல்லை. எங்கள் கூரையும் வேயவில்லை. வியாழக்கிழமை ஆபீசர் மறுபடி பங்களாவுக்கு வருகிறார். இந்த முறை நாங்கள் அரைத்த பஞ்சில் ஒரு மூட்டையும் என்னோடு வருகிறது. அடுத்த பீப்பாய்க்கும் கடனுதவிக்கும் அவர் எழுதித் தரும்வரை அந்த பங்களா வராந்தாவை விட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை.