வலப்பக்கம் திறந்த புத்தகம்

எழுபதுகளில் ஒருநாள் கலேவெலயில் மாத்தளை பஸ் ஏறினேன். பக்கத்தில் தொப்பியும் நரைத்த தாடியுமாக ஒருவர் இருந்தார். நாலந்தாவுக்கு டிக்கட் எடுத்திருந்தார். பூப்போட்ட சின்னக் கைலேஞ்சித் துணி ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாகவே வந்தார். கப்பலில் வேலை செய்யும் மைத்துனர் தந்த ஜப்பான் படக்கதையை நான் பிரித்ததும் எட்டிப் பார்த்தார். எனக்கு அந்த எழுத்துத் தெரியாததால், அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைத்து, படங்களை வைத்துக் கதை சொன்னேன்.

“கடற்கரையில ஒரு தாய் தனியா நிக்கிறா, நானா. வானத்துல இருந்து செறகு வச்ச மக வந்து எறங்குறா. பொறகு செறகெல்லாம் உதிர்ந்து, கொழந்தையாகி, தாய் மடியில தூங்கிடுறா. தலைப்புத்தான் வெளங்கல. ‘திரும்பி வந்தவள்’னு நானே வச்சுக்கிட்டேன்.”

அவர் புத்தகத்தை வாங்கி, குர்ஆனைத் திறப்பதுபோல வலப்பக்கத்தால் திறந்தார். இப்போது கதை மடியில் தூங்கும் குழந்தையோடு தொடங்கியது. குழந்தை வளர்ந்தது, சிறகு முளைத்தது, பறந்து போயிற்று. கடைசிப் படத்தில் தாய் மட்டும் நின்றாள்.

“இதுதான் தம்பி சரியான பக்கம். தலைப்பும் இந்த அட்டையிலதான் பெரிசா இருக்கு.”

“அப்படின்னா தலைப்பு என்னவா இருக்கும், நானா?”

கைலேஞ்சியை மறுபடி பிரித்து, மெல்ல மடித்தார்.

“எங்கட மகள் மௌத்தாகி, அடக்கம் பண்ணி நேத்தோட நாப்பது நாள்,” என்றார்.

பிறகு புத்தகத்தைப் புரட்டி, நான் திறந்த இடப்பக்கத்திலிருந்தே ஒவ்வொரு தாளாகப் பார்க்கத் தொடங்கினார். கண்டக்டர் “நாலந்தா!” என்று கூவினார். நான் அவர் தோளைத் தொட்டேன்.

“இன்னும் ரெண்டு தாள் இருக்கு, தம்பி.”

பஸ் நகர்ந்தது. மகள் இன்னும் மடிக்கு வந்து சேரவில்லை.

அந்தத் தலைப்பின் பொருளை அதன்பின் நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.