வாங்க என்று சொல்லாத ஊர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், மூன்று ஆண், ஒரு பெண். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் மூத்தவன் வீட்டில் இருக்கிறேன். யாரிடமும் போய் எனக்கு இது வேண்டும் என்று நின்றதில்லை. நான் செய்தது தப்பு என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது எழுதுவது என் இரண்டாவது மகனைப் பற்றி. எட்டு வாரமாக அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அவன் ராஜபாளையத்தில் நூல் மில்லில் பிட்டராக இருக்கிறான். ஐம்பதை நெருங்குகிறான். பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான். ஆனாலும் தீபாவளிக்கு வருவான், தேருக்கு வருவான், வீட்டில் என்ன பழுதாகிக் கிடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போவான். ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தது போன வருடம்தான். அவனை வரவைத்தது நான் இல்லை, ஒரு விளையாட்டு.

மூத்தவன் மகள் காலேஜில் பழகிக்கொண்டு வந்த விளையாட்டு அது. பலகை கிடையாது. ஒருத்தி கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடமாகக் கதைக்குள் இருப்பார்கள். ‘முன்னால ஆறு வருது, என்ன செய்யப்போறீங்க’ என்று இவள் கேட்பாள். நீந்துகிறேன், பாலம் தேடுகிறேன் என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். நினைத்தது நடந்ததா என்பதை ஒரு காய் தீர்மானிக்கும். நெல்லிக்காய் பருமனில் இருபது முகம், முகத்துக்கு ஓர் எண். பெரிய எண் விழுந்தால் அக்கரை, சின்னது விழுந்தால் ஆற்றோடு போக வேண்டியதுதான். ஜெயித்தவர் தோற்றவர் என்று யாரும் இல்லை. கதை வாராவாரம் நீண்டுகொண்டே போகும்.

அவளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகள் ஆட வருவார்கள். வத்திராயிருப்புப் பெண் கதைக்குள் வைத்தியச்சி. சேத்தூர்ப் பெண் வில்லுக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்திருந்தான். “சித்தப்பா, ஒரு ஆள் குறையுது, செத்த நேரம் உக்காருங்க” என்று கூப்பிட்டாள். செத்த நேரம் என்று உட்கார்ந்தவன் கடைசி பஸ்ஸுக்குத்தான் எழுந்தான்.

நான் உள்ளே சேர்ந்ததும் அப்படித்தான். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கதையில் மலையடிவாரத்தில் ஓர் ஊர். மழை இல்லை, கண்மாய் வற்றிக் கிடக்கிறது. மலைமேல் இருந்து வரும் ஓடையை ஏதோ மிருகம் மறித்துப் படுத்திருக்கிறது. இவர்கள் மூன்று பேரும் போய் ஓடையைத் திறந்துவிட வேண்டும். அந்த ஊர்க் கிழவி ஒருத்தி இவர்களிடம் பேசுகிறாள். என் பேத்தி அந்தக் கிழவிக்குப் பேசியதைக் கேட்டால் டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. பொறுக்கவில்லை. “ஏட்டி, பட்டினி கெடக்குறவ அப்படியா பேசுவா? நீங்க சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சுய்யான்னு மொதல்ல கேப்பா” என்றேன். அன்றையிலிருந்து ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் நான்தான் குரல். கிழவி, தலையாரி, மாடு மேய்க்கிறவன், பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் நான். கான்சாபுரம் கிராமத்தில் பிறந்தவளுக்கு ஊர் பேசச் சொல்லித்தர வேண்டுமா?

என் மகன் எடுத்த வேடம் ஊர் ஊராகப் போகிற ஒரு வியாபாரி. நேரில் அவன் ஆசைப்பட்டு ஒரு முறுக்கைக்கூட இரண்டாவதாக எடுக்க மாட்டான். கதைக்குள் அவன் கை நீண்டது. வழியில் கண்டெடுத்த பொருளில் இரண்டு பங்கு கேட்டான். ஆற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்கும் முன்னால் “என்ன தருவிய?” என்று தாயிடம் பேரம் பேசினான். தாய்க்கும் நான்தானே குரல். “ஏலே, மொதல்ல பிள்ளையத் தூக்கு” என்றேன். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. வைத்தியச்சி தூங்கும்போது அவளுடைய மருந்துப் பையை எடுத்து விற்றுவிட்டான். வத்திராயிருப்புப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப்போனது.

“சித்தப்பா, நாம ஒரே பக்கம் தானே?”

“ஒரே பக்கம் தாம்மா. ஆனா என் ஆளு அப்படி. நான் என்ன செய்ய?”

“உங்க ஆளு உங்க பேச்சைத்தானே கேக்கும்” என்றாள் சேத்தூர்க்காரி.

“எங்க கேக்கான்? வீட்டுலயே ஒருத்தரும் கேக்கதில்ல.”

பேத்தி கதைக்குள்ளேயே அவனை வழிக்குக் கொண்டுவரப் பார்த்தாள். காவலரைத் துரத்தவிட்டாள்; காய் அவன் பக்கம் விழுந்தது, தப்பித்தான். எடுத்தவனுக்குக் கெடுதல் செய்கிற சாபம் பிடித்த வாள் ஒன்றை அவன் வழியில் போட்டுவைத்தாள். அதை அடுத்த சந்தையில் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டான். அடிக்க அடிக்க அவனுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

பிறகுதான் அந்த விதைநெல். ஊர்க்காரர்கள் வயிற்றைக் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்த விதைநெல்லை, திருடர் பயத்தால், இவர்களை நம்பிக் கொடுத்தனுப்பினார்கள். கொடுத்தது கிழவி. அந்த மூட்டையைக் கொடுக்கும்போது, “பத்திரம்யா, இதுதான் எங்க ஊரு” என்றேன். பக்கத்து ஊர் போனதும் அவன் அதைக் கொடுத்து ஒரு வெள்ளைக் குதிரை வாங்கிக்கொண்டான்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பசியில் பிள்ளை அழுதாலும் விதைநெல் பானையில் கை வைக்காத வீட்டில் பிறந்தவள் நான். அது வெறும் கதை என்று எனக்கும் தெரியும். ஆனால் சொன்ன வாய் நான் பெற்ற வாய் இல்லையா?

அவன் போன பிறகு பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பத்தா, அவங்க ரெண்டு பேரும் இனிமே வரலைங்காங்க. இதை ஆட்டத்துக்குள்ள தண்டிச்சுத் தீர்க்கவே முடியாது. அதுதான் நான் செஞ்ச தப்பு. ஆட்டத்துக்கு வெளிய, தனியாக் கூப்பிட்டு, உங்களுக்கு இதுல என்ன வேணும்னு கேக்கணும்.”

“கேளேன்.”

“சித்தப்பாகிட்ட நான் எப்படிக் கேக்க? நீங்க கேளுங்க. உங்க பிள்ளைதானே.”

கேட்கிறேன் என்று சொன்னேன். அந்த வாரம் முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் என்ன கேட்பது? பிள்ளை தப்புச் செய்தால் தாய் கண்டிப்பாள். அதுதான் எனக்குத் தெரிந்த வழி. கண்டிக்க என் கையில் ஓர் ஊரே இருந்தது.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் எனக்காக வந்தார்கள். கதையில் என் மகன் வெள்ளைக் குதிரையில் ஊருக்குத் திரும்பி வந்தான். எங்கள் பக்கம், எதிரியே ஆனாலும் வாசலில் வந்து நின்றுவிட்டால் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லி ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்போம். சண்டையெல்லாம் அதற்குப் பிறகு. அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால், நீ எங்களுக்கு மனுசனே இல்லை என்று அர்த்தம்.

முதல் வீடு. “குதிரையை விட்டு எறங்குறேன்” என்றான்.

“பாத்தேன். அரிசி புடைக்கேன்” என்றேன்.

“வாங்கன்னு சொல்ல மாட்டியளா?”

நான் புடைக்கிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கே மாட்டுக்காரன் குரலில், “மாடு அவுக்கணும்” என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது வீட்டில், “தாயி, தண்ணியாச்சும் குடுங்க” என்றான். “கண்மாய்ல பாருங்க” என்றேன். கண்மாய் வற்றிக் கிடப்பது அவனுக்கும் தெரியும். வில்லுக்காரி சிரித்துவிட்டாள். பேத்தி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தேன்.

கடைசியாகக் கிழவி வீடு.

“ஆச்சி, என்னைத் தெரியலையா? நாந்தான். உங்க கையால கஞ்சி குடிச்சவன்.”

இப்போது அவன் சிரிக்கவில்லை. உள்ளபடியே கேட்கிற மாதிரி கேட்டான். நான் கிழவியின் குரலை விட்டுவிட்டு என் குரலில் சொன்னேன்:

“விதையத் தின்னவன் எனக்கு யாரு? உன்னை மாதிரி ஒருத்தனை நான் பெத்ததே இல்லை.”

கதைக்குள் அந்தக் கிழவிக்குப் பிள்ளையே கிடையாது. அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

அவன் காயை எடுத்து டப்பாவில் போட்டு மூடினான். “ஷிப்ட் இருக்கு” என்றான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஷிப்ட் கிடையாது. பேத்தி கொடுத்த காப்பி ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. செருப்பைத் தேடி மாட்டினான். என் பக்கம் திரும்பாமல் நிலைக்கதவைப் பார்த்து, “போறேன்” என்றான். போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் அவன் இந்த வீட்டை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

முதல் ஞாயிறு வரவில்லை. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். இரண்டாவது ஞாயிறும் அப்படியே போனது. “போன் போடுங்க அப்பத்தா” என்று பேத்தி நீட்டினாள். அவன் போடட்டும் என்றேன். ஆறாவது வாரம் நானே சேலை மாற்றிக்கொண்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு, ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

அவன் மில்லில் இருந்தான். மருமகள் காப்பி கொடுத்தாள். நல்ல பெண், அதிகம் பேச மாட்டாள். அன்று பேசினாள்.

“அத்தை, ஞாயித்துக்கிழமை அங்கருந்து வந்ததும் அவிய பேசுற பேச்சு இருக்கே, கல்யாணம் ஆன புதுசுலகூட அப்படிப் பேசினதில்ல. இன்னைக்குக் குதிரை வாங்கிட்டேன், மாடி வச்ச வீடு பாத்திருக்கேன், வாசல்ல ரெண்டு மாமரம் நிக்குன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. இதென்ன கிறுக்குன்னு கேட்டேன். ‘அங்க ஒருத்தருக்கும் நான் எதுவும் குடுக்க வேண்டாம்ட்டி. கண்ணுல பட்டதை எனக்குன்னு எடுத்துக்கிடுவேன். எப்படி இருக்கு தெரியுமா?’ன்னாவ.”

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேத்தி என் கையைப் பிடித்தாள். நான் விலக்கிக்கொண்டேன்.

இந்த இடத்தை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. அவங்க அப்பா தவறியபோது அவன் பத்தாவது பாஸ். மூத்தவனைவிட அவனுக்குத்தான் மார்க் அதிகம். மூத்தவன் ஏற்கெனவே பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான், நடுவில் நிறுத்த மனம் வரவில்லை. இவனைக் கூப்பிட்டு, “நீ மில்லுக்குப் போ” என்றேன். “சரிம்மா” என்றான். மறுநாள் போனான். கடைசி இரண்டு பேரையும் என்னோடு சேர்ந்து அவனும் வளர்த்தான். தங்கை கல்யாணம் முடியட்டும் என்றேன், சரிம்மா. தம்பி போலீஸ் வேலையில் சேரட்டும் என்றேன், சரிம்மா. அவனுக்குக் கல்யாணம் ஆகும்போது முப்பத்தைந்து வயது. விதைநெல்லைப் பற்றி அவனிடம் பேச எனக்கு என்ன யோக்கியதை? நான் எடுத்துச் சோறாக்கிப் போட்ட விதை அவன்தானே.

அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. பேசாதவனுக்கு ஒன்றும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்தான். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றான். எப்போதும் “வாம்மா” என்பவன் அன்று, “வாங்கம்மா” என்றான். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான். ஊரார் வீட்டுப் பெரிய மனுசிக்குக் கொடுக்கிற மாதிரி. அவன் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தண்ணீரைக் குடித்தேன். “எய்யா, அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை.

“அது வெறும் ஆட்டம்மா. விடுங்க.”

“நீ வந்தா பிள்ளைக திரும்ப ஆடுவாக.”

“பாப்போம். மில்லுல வேலை கூடிப்போச்சு.”

பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டான். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். பஸ் கிளம்பும் வரை நின்றான். அவன் கடமையில் ஒரு குறை கிடையாது, என்றைக்கும் கிடையாது. அதற்கப்புறமும் இரண்டு ஞாயிறு போய்விட்டது.

நேரில் எனக்கு வாய் வராது. பழக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்துப்பிழையைப் பேத்தி திருத்துகிறாள், விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இதை அவன் கையில் அவள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எய்யா, அந்தக் குதிரையை நீயே வைத்துக்கொள். மாடி வீடும் மாமரமும் உனக்குத்தான். அன்றைக்கு அந்த ஊர்க் கிழவியைச் சாக்காக வைத்து நான் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது. உனக்கு என்னய்யா வேணும்? என்னிடம் கொடுக்க இப்போது ஒன்றும் மிச்சம் இல்லை, ஆனாலும் சொல்லு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டி, போனைக் கீழே வை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுதினதை முதலில் இருந்து எனக்கு வாசி. மெதுவாக வாசி. அவனை ஏவுகிற மாதிரி எங்கேயாவது ஒரு வார்த்தை காதில் பட்டால், அந்த இடத்தில் நிறுத்து.