அளவு கொடுக்க ஓர் ஆள்

கீழக்குயில்குடியிலிருந்து தேனி ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள் கத்தரிக்கோல், டேப்பு, சாக்குக்கட்டி, பாதி வெட்டிய காடாத்துணி. அவற்றுக்கு மேலே அக்கா மடித்து வைத்துவிட்ட அவளுடைய பழைய ஜாக்கெட் ஒன்று. மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கல்லூரிப் பிள்ளைகள் பைக்கில் என்னைத் தாண்டிப் போனார்கள். ஷேர் ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். நடந்துகொண்டிருக்கும்வரை எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

அன்று காலையில்தான் தையல் ஆசிரியர் பயிற்சியின் செய்முறைத் தேர்வு. அதில் நான் தோற்றிருந்தேன். தைக்கத் தெரியாமல் தோற்கவில்லை. அளவு கொடுக்க ஓர் ஆள் கிடைக்காமல் தோற்றேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருமங்கலத்தில் ஒரு டெய்லர் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே ஜாக்கெட் வெட்டப் பழகினேன். அந்தக் கடையை மூடியதும் பாலக்காட்டில் ஹோட்டல் வேலை, பெங்களூரில் கட்டட வேலை, அங்கே மஞ்சள் காமாலை. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி. அங்கே எனக்குக் கொடுத்தது கைமடிக்கிற வேலை. பனியனின் கை ஓரத்தை மடித்து ஓட்டுவேன். கழுத்தை இன்னொருவர் ஓட்டுவார், பக்கவாட்டை வேறொருவர் மூட்டுவார். எத்தனை வருடம் தைத்தும் ஒரு பனியனை முழுதாக நான் தைத்ததில்லை. ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்தினார்கள். மதுரைக்கு வந்து வீடு வீடாகப் போய் தையல் மெஷின் பழுது பார்த்தேன்.

அப்படித்தான் திருநகரில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போனேன். மனையியல் வகுப்பறையில் மெஷின்கள் தூசி படிந்து கிடந்தன. தையல் டீச்சர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாராம். நான் பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு, ஒரு துண்டுத் துணியில் ஓட்டிக் காட்டியதைத் தலைமையாசிரியை நின்று பார்த்தார்.

“நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்போல இருக்கே.”

“எனக்குப் படிப்பு இல்லீங்க மேடம்.”

“படிப்பு வேணாம். தையல் ஆசிரியர் சர்டிபிகேட் இருந்தாப் போதும். ஸ்கூல் தெறக்குறதுக்குள்ள அதோட வாங்க. அது இல்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

நாற்பதை நெருங்கிவிட்டேன். தினமும் ஒரே கதவைத் திறந்து உள்ளே போவது, மாதம் பிறந்தால் சம்பளம், மழை பெய்தால் தலைக்கு மேலே ஓடு. என் வாழ்க்கையில் வேறு எதையும் நான் அப்படி விரும்பியதில்லை.

பயிற்சி நிலையம் அங்கிருந்து கொஞ்சதூரத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில். நான் உள்ளே நுழைந்ததும் மெஷின்கள் நின்றன. அத்தனையும் பெண்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி, எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவர், முதலில் வாயைத் திறந்தார்.

“அண்ணே, கம்ப்யூட்டர் கிளாஸ் எதுத்த மாடி.”

“தையல்தாங்க. நான் டெய்லரு.”

“அப்ப சரி. டெய்லருக்கே தையல் கிளாஸாம். இனி நமக்கு எங்கிட்டு மார்க்கு வரும்?”

டீச்சர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். மனையியலில் பட்டம் வாங்கியவர். அவரும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். தைப்பது வேறு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது. என் கை தானாகச் செய்வதை நிறுத்தி, இப்போது என்ன செய்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். கைக்குழியை ஏன் முன்பக்கம் அதிகமாகக் குடைகிறோம், குறுக்கே வெட்டிய துணி ஏன் இழுத்தால் நீள்கிறது என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

எனக்குப் பிடித்தது நூலை எரித்துப் பார்க்கும் பாடம். டீச்சர் விளக்கை ஏற்றி ஒவ்வொரு இழையாகக் காட்டுவார். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரியும். பாலியஸ்டர் உருகி மணிபோல உருண்டுகொள்ளும். வங்கிக்காரர் மனைவி தன் பட்டுச் சேலையின் முந்தியிலிருந்து ஓர் இழையை உருவினார்.

“மாமியா எடுத்துக் குடுத்தது. பாத்துருவோம்.”

“வேணாம்க்கா, நிம்மதி போயிரும்” என்று பக்கத்தில் இருந்தவர் தடுத்தார்.

இழை உருகி உருண்டது. அவர் அதை நகத்தால் உருட்டிப் பார்த்தார். “நெனச்சேன்” என்றார். மெஷினில் தலையை வைத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்த மாடியில் நான் ஆண்பிள்ளை என்பது பல நாட்கள் எனக்கே மறந்து போயிருந்தது.

அளவெடுக்கும் பாடம் வந்தபோது அது ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் பக்கம் ஆண் டெய்லரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் உடம்பில் அளவு கொடுப்பதில்லை. நன்றாக உட்காரும் பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத்துணிக்குள் சுருட்டிக் கொடுப்பார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். டெய்லர் அதை மேசையில் விரித்து அளந்து வெட்டுவார். கழுத்தை மட்டும் கொஞ்சம் இறக்கச் சொல்வார்கள், அத்துடன் பேச்சு முடிந்தது. திருமங்கலத்தில் நான் பழகியது அப்படி. அக்காவுக்கு இத்தனை வருடம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்ததும் அப்படியே. ஒரு பெண்ணின் தோளில் டேப்பு வைத்து அளந்தவனில்லை நான்.

ஆனால் மனையியல் பாடத்தில் உடம்பில்தான் அளவெடுக்க வேண்டும். மற்றவர்கள் ஜோடி சேர்ந்து ஒருவரையொருவர் அளந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். “நீங்க கவனிச்சுக்கங்கண்ணே” என்றார். கவனித்தேன். ஒருநாள் அவரே கையை நீட்டி, கை நீளமும் கைச்சுற்றும் எடுக்கச் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் சொல்ல முடியவில்லை, எனக்கும் கேட்க முடியவில்லை. வாடகைக்கு இருந்த அறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் என்னையே அளந்தேன். மார்புச்சுற்று வந்தது. முதுகின் குறுக்களவை எடுக்கப் போனால் டேப்பு நழுவியது. அவரவர் முதுகை அவரவர் அளக்க முடியாது.

தேர்வுக்கு முன்பு டீச்சர் விதியைச் சொன்னார். உடம்பில் அளவெடுத்து, தாளில் வரைந்து, துணியில் வெட்டித் தைக்க வேண்டும். கடைசியில் அளவெடுப்பதையே ஒரு பாடமாக நடத்திக் காட்ட வேண்டும். “ஒங்க வீட்டு ஆளு ஒருத்தரக் கூட்டிட்டு வந்துருங்கண்ணே.”

எனக்கு வீட்டு ஆள் என்றால் அக்கா ஒருத்திதான். கீழக்குயில்குடியில் வாக்கப்பட்டவள். போனில் கேட்டதும் சிரித்தாள். “சும்மா நிக்கிறதுதானடா? அதுக்கென்ன, வாரேன்.”

தேர்வன்று மருந்துக்கடைப் படிக்கட்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். அவள் வரவில்லை. அவள் போன் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மச்சான் எடுத்தார்.

“மாப்ள, அவ வரல. பெறகு பேசுவோம்.”

மேலே போனேன். எல்லோரும் ஜோடி ஜோடியாக அளந்துகொண்டிருந்தார்கள். நான் மேசையில் தாளை விரித்து, ஓரங்களில் கனம் வைத்து, பென்சிலைச் சீவினேன். மறுபடியும் சீவினேன். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் எனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். ஒவ்வொருவரும் அவரவர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. என்ன செய்வார்கள்?

வங்கிக்காரர் மனைவி என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, நான் நிப்பேன். இத்தன பேரு பாக்குறாங்க, ஒரு வாய் இல்லாட்டி ஒரு வாய் வீட்ல போய்ச் சொல்லிரும். இந்தக் கிளாஸுக்கு விட்டதே பெரும்பாடு.” பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து மேசைக்கு அடியில் நீட்டினார். “இத வச்சு எடுத்துக்கங்க.”

வாங்கி விரித்தேன். என் கைக்குப் பழகிய வேலை. அளந்து, வரைந்து, காடாத்துணியில் பின்பாகத்தை வெட்டி முடித்துவிட்டேன். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த அம்மா அப்போது என் மேசைக்கு வந்தார். கோடுகளை விரலால் தொடர்ந்து பார்த்தார்.

“வரஞ்சது நல்லா இருக்கு. ஆள் எங்க?”

“வரலீங்க மேடம். ஜாக்கெட்ட வச்சு எடுத்தேன்.”

“இது கடையில செய்யிறது. நாளைக்கு வகுப்புல ஒரு பிள்ளைக்கு அளவெடுக்க எப்படிச் சொல்லித் தருவீங்க?”

டீச்சர் ஓடி வந்தார்.

“மேடம், அவரு ஆம்பளச் சட்டை தைக்கட்டுமா? கீழ கடையில யாரையாவது கூப்டுறேன்.”

“மனையியல் பிள்ளைகளுக்கு ஆம்பளச் சட்டை பாடத்துல இல்லையேம்மா.”

டீச்சர் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, “அப்ப நான் நிக்கிறேன்” என்றார். அறையில் ஒரு மெஷினும் ஓடவில்லை.

“நீங்க சென்டர் பொறுப்பு. நீங்க நிக்கக் கூடாது.” அந்த அம்மா கோபமாகச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, “அடுத்த தடவ ஆளோட வாங்க” என்றார். அடுத்த தடவை எப்போது என்று டீச்சருக்கே தெரியவில்லை. எப்படியும் அதற்குள் பள்ளி திறந்துவிடும்.

வங்கிக்காரர் மனைவியின் ஜாக்கெட்டை மடித்து அவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

மச்சான் வாசலில் மோட்டார் பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

“வா மாப்ள. சாப்ட்டியா?”

“ஏன் மச்சான் விடல?”

“நீ படிக்கிறத நான் வேணாங்கலயே. டீச்சராகு, நல்லா இரு. அதுக்கு இவ போயி அத்தன பேரு முன்னாடி கையத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா? நாளைக்கு ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?”

“எல்லாம் பொம்பளைங்கதான் மச்சான்.”

“அளக்குறவன் யாரு? நீதான?”

“நான் தம்பிதான, மச்சான்.”

“தம்பிங்கிறது எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும்.” நட்டைத் துடைத்துத் தட்டில் போட்டார். “அளவு ஜாக்கெட்டுதான வேணும்? வீட்ல அம்புட்டுக் கெடக்கு. எடுத்துட்டுப் போ.”

அக்கா சோறு போட்டாள். நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“காலைல சேலை கட்டி, தல சீவி ரெடியா இருந்தேன்டா” என்றாள். நான் கிளம்பும்போது உள்ளே போய் வந்து பையில் எதையோ வைத்தாள். பாதி வழியில்தான் திறந்து பார்த்தேன். அவளுடைய ஜாக்கெட். அவளுக்கும் அதைத் தவிர வேறு கொடுக்க வழியில்லை.

தேனி ரோட்டில் ஆரப்பாளையம் பஸ் வந்தது. ஏறினேன். இறங்கியதும் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். “அடடா” என்றார். “சரி, இன்னொருத்தவங்க சர்டிபிகேட்டோட வந்திருக்காங்க. நீங்க வருவீங்கன்னுதான் நிறுத்தி வச்சிருந்தேன்.” நல்ல மனுஷிதான். அவருக்கு நான் நன்றி சொன்னேன். என் அறைக்குத் திரும்ப மனம் வராமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் படுத்தேன்.

காலையில் டீ குடித்த கடைக்குப் பக்கத்துச் சந்தில் ‘டெய்லர் தேவை’ என்று அட்டை தொங்கியது. மாடி ஏறினேன். வரிசையாக மெஷின்கள், தரையெல்லாம் பூப்போட்ட துணி. முதலாளி காதில் பென்சில் வைத்துக்கொண்டு துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன தைப்ப?”

“ஜாக்கெட் நல்லா தைப்பேண்ணே.”

“இங்க நைட்டிதான். ஜாக்கெட் தெரியாட்டியும் பரவாயில்ல.”

“அளவு?”

“அளவா?” அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “நைட்டிக்கு என்ன அளவு? ஒல்லிக்குத் தொளதொளங்கும், குண்டுக்குக் கொஞ்சம் பிடிக்கும், அம்புட்டுத்தான். முன்ன எங்க இருந்த?”

“திருப்பூர்ல. கைமடிச்சேன்.”

“பெறகென்ன? கையவே எடுத்துக்க.”

ஜன்னலோரத்து மெஷினைக் காட்டினார். பெல்ட் தளர்ந்திருந்தது. அதை வெட்டி இறுக்கினேன். பையை மிதிபலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். கட்டிப் போட்டிருந்த நைட்டிக் கைகளை அவிழ்த்து, முதல் கையின் ஓரத்தை மடித்து ஊசிக்குக் கீழே வைத்தேன்.